ஒரு மதியம், ஓர் இரவு: திருகோணமலையில் எங்கே சாப்பிடுவது?

வவுனியாவிலிருந்து நண்பன் ஒருவன் குடும்பத்தோடு வருகிறான். சனிக்கிழமை காலை கன்னியா வெந்நீரூற்று, பிறகு கோணேசர் கோயில், பின்னேரம் உப்புவெளியில் கடல் குளிப்பு என்று எல்லாம் அவனே திட்டம் போட்டுவிட்டான். என்னிடம் கேட்டது ஒன்றுதான். "மச்சான், மத்தியானம் எங்க, இரவு எங்க சாப்பிடுறது?"

இதை எங்கள் கூட்டாளிகள் நடுவில் போட்டதும் மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒருவனுக்கு டவுன் சைவக்கடையைத் தாண்டி உலகமே இல்லை. இன்னொருவன், கிண்ணியாப் பாலம் தாண்டாமல் திரும்புகிறவன் திருகோணமலையில் சாப்பிட்டதாகவே கணக்கில்லை என்கிறான். மூன்றாமவன் உப்புவெளிக் கடற்கரைக்காரன். மூன்று பக்கமும் பல வருடமாகச் சாப்பிட்டு வருகிறவன் நான். எனக்கு, கடையின் பெயரைவிட நேரம்தான் பெரிது. நல்ல கடைக்குத் தப்பான நேரத்தில் ஆளை அனுப்பிவிட்டால் கடைக்கும் கெட்ட பெயர், சொன்னவனுக்கும் கெட்ட பெயர்.

முதலில் சைவக்கடை. மதியம் 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் போய் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் சோறு ஆவி பறக்க வரும். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, ஒரு சம்பல், பொரித்த மோர்மிளகாய், அப்பளம். ஆனால் நான் கடையை எடைபோடுவது இவற்றில் எதையும் வைத்தல்ல, சொதியை வைத்துத்தான். வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் வெந்தயம் போட்டு இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, கடைசியில் முதற்பாலை ஊற்றி, ஒரு கொதி வரும்போதே இறக்கிவிட வேண்டும். தேசிக்காய்ப் புளி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். அப்படி வைத்த சொதி சோற்றில் விழும்போது மெல்லிய மஞ்சளாக, வழுவழுவென்று ஓடும். புளி விட்ட சொதியை மறுபடி அடுப்பில் ஏற்றினால் பால் திரைந்து, தண்ணீர் வேறு, தேங்காய்ப்பூப் போன்ற கட்டி வேறு என்று பிரிந்து நிற்கும். இரண்டு மணிக்குப் பிறகு போகிறவர்களுக்குப் பல கடைகளில் கிடைப்பது இந்தச் சூடாக்கின சொதிதான். அதைக் குடித்துவிட்டு, "திருகோணமலைச் சைவக்கடை சரியில்லை" என்று ஊருக்குப் போய்ச் சொல்கிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் முந்திப் போக வேண்டும். மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, தொடாத நாள் என்று அலுவலகக்காரர், கோயிலுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். கீரை முதலில் முடியும், அப்புறம் வடை. இரவில் அதே கடைகளில் தோசையும் இடியப்பமும் கிடைக்கும். மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவனை அதற்காக அனுப்பமாட்டேன்.

சரி, கிண்ணியா. டவுனிலிருந்து 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய. 2009 இல் பாலம் திறக்கும் வரை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். பாதைக்குக் காத்திருந்து, கடந்து, சாப்பிட்டுவிட்டு இரவில் திரும்புவது என்று யாரும் நினைத்தும் பார்த்ததில்லை. இப்போது 396 மீட்டர் பாலத்தில் சில நிமிடங்களில் அந்தப் பக்கம் இறங்கிவிடலாம். எங்கள் தலைமுறைக்குக் கிண்ணியாச் சாப்பாட்டை அறிமுகப்படுத்தியது இந்தப் பாலம்தான்.

அங்கே போக வேண்டிய நேரம் இரவு. கொத்துரொட்டி டவுனிலும் கிடைக்கும், பஸ் நிலையப் பக்கத்தில் இரவு முழுக்க அந்தத் தகடு அடிபடும் சத்தம் கேட்கும். வித்தியாசம் ரொட்டியில் இருக்கிறது. நான் விரும்பிப் போகும் கிண்ணியாக் கடையில் ரொட்டியைப் பின்னேரம்தான் வீசிச் சுடுவார்கள். காலையில் சுட்டு அடுக்கிய ரொட்டி கொத்தும்போது தூளாகிவிடும், குழம்பு விட்டால் களியாகிவிடும். புதிய ரொட்டி நாடா நாடாவாகவே நிற்கும். அந்தக் கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணரை அப்படித்தான் கூப்பிடுவோம்) முதலில் வெங்காயமும் லீக்ஸும் வதக்குவார். முட்டையை உடைத்து ஊற்றி அது பாதி வெந்ததும் ரொட்டியைக் கொட்டுவார். இரண்டு தகட்டாலும் நாலைந்து தட்டுத்தான், உடனே ஓர் அகப்பை இறைச்சிக் குழம்பை மேலே விட்டுக் கையை எடுத்துவிடுவார். குழம்பு ரொட்டிக்குள் இறங்கும் வரை கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அதற்குப் பிறகுதான் உண்மையான கொத்து. எண்ணெய் தட்டில் தேங்காது, ஆனால் ஒவ்வொரு துண்டிலும் குழம்பின் நிறம் ஏறியிருக்கும். டவுனில் ஆட்கள் நெருக்கும்போது இந்தப் பொறுமைக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கோழிக்கொத்து என்று கேட்டால் மட்டும் போதாது, விடுகிற குழம்பு எது என்றும் கேட்க வேண்டும். ரொட்டிக்குத் தரும் வெறும் குழம்பும் அப்படித்தான். "நானா, நாங்க மாடு சாப்பிடமாட்டம்" என்று உட்காரும்போதே சொல்லிவிட்டால் போதும். எனக்கு அங்கே ஒருவரும் முகம் சுளித்ததில்லை. குழம்பை மாற்றி, அகப்பையையும் மாற்றித் தருவார்கள். இன்னொன்று, வெள்ளி மதியம் போகாதீர்கள். ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாடு தேடவே கூடாது.

உப்புவெளிக்காரன் கோபிப்பான், ஆனாலும் சொல்கிறேன். கடற்கரை மணலில் மேசை போட்டு, முழு மீனைத் தணலில் வாட்டித் தருவது அழகான சாப்பாடுதான். அதன் நாட்கள் மே முதல் செப்டெம்பர் வரை. கடல் அமைதி, மீன் அன்றைக்குப் பிடித்தது. மீனை நீங்களே பார்த்துத் தெரிந்தெடுத்து, நிறுவையையும் விலையையும் முதலே கேட்டுவிடுங்கள். காரம் வெளிநாட்டவர்களுக்குப் போடுகிற அளவில்தான் வரும், "எங்கட உறைப்புப் போடுங்கோ" என்று சொல்ல வேண்டும். வாடைக்காற்றுக் காலம் வேறு கதை. ஒரு டிசம்பரில் அங்கே ஒரு கடையில் கணவாய் கேட்டேன். கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன, எனக்கு ஐஸில் கிடந்த கணவாய் வந்தது. மென்று தாடை நொந்ததுதான் மிச்சம். கடல் அப்படிக் கிடக்கும்போது அங்கே மீன் கேட்கவே கூடாது.

நண்பன் வருவது ஜூலையில். ஆகவே கடற்கரைச் சாப்பாட்டிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டு வருகிற பசிக்கு ஒரு மணித்தியாலம் மீன் வேகக் காத்திருக்க மாட்டார்கள். காசும் அதிகம். உப்புவெளிக்கு நேர் எதிர்த் திசையில் கிண்ணியா இருப்பது ஓட்டம்தான், அதையும் அவனிடம் சொன்னேன். அவனிடம் வான் இருக்கிறது, பாலத்தில் இருட்டோடு போகிற அந்தக் காற்றுக்கே ஒருமுறை போகலாம்.

எனவே அவனுக்கு நான் அனுப்பியது இதுதான். கோயிலிலிருந்து 12 மணிக்கு முன் இறங்கு, கோயில் இருக்கிற கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், விடாதே. சைவக்கடையில் சொதியை முதலில் தனியாக ஒரு வாய் குடித்துப் பார். பின்னேரம் உப்புவெளியில் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொள். இரவு பாலம் தாண்டு. கொத்து முடிந்ததும் எருமைத் தயிர் கேள், இனிப்புப் பாணியை அளவாக விடு, தயிரின் புளிப்பு தெரிய வேண்டும். திரும்பும்போது தயிர்ச் சட்டி இரண்டு வாங்கி வானில் சரியாமல் வை. ஒன்றை எங்கள் வீட்டில் இறக்கு, அம்மா காத்திருப்பா.