ஸ்லைடை வீடியோவாக்க எந்த வழி?

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடை டிவியில் நாள் முழுக்க ஓடும் டிசைன் படங்களுக்கும், ஏற்காட்டுக் காப்பி விவசாயிகளுக்குக் குரலோடு போட்டுக் காட்டும் பாடத்துக்கும் ஒரே வழி ஒத்துவராது.

பாடம் என்றால் பவர்பாயிண்டின் சொந்த ஏற்றுமதிதான் மேல். ஃபைல், எக்ஸ்போர்ட், கிரியேட் எ வீடியோ. 1080 தரம் போதும், 4கே எடுத்தால் கோப்புதான் வீங்கும். அனிமேஷன் அப்படியே வரும். குரல் ஸ்லைடு வாரியாகப் பதிவாவதால், ஏழாவது ஸ்லைடில் மருந்தின் அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அதை மட்டும் மறுபடி பேசலாம். கால் வாருகிற இடம் இரண்டு. ஒரு ஸ்லைடு மறைந்து அடுத்தது வரும் நேரத்தில் குரல் பதிவாகாது. பேசிக்கொண்டே தாவினால் சொல் பாதியில் அறுந்துபோகும். நேரம் குறிக்காத ஸ்லைடு வெறும் 5 நொடிதான் நிற்கும். காப்பிச் செடியைத் தாக்கும் தண்டுத் துளைப்பான் பூச்சியின் அறிகுறிகளை 5 நொடியில் யார் படிப்பது?

பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய ஸ்லைடா? அந்த எழுத்துரு உள்ள கம்ப்யூட்டரிலேயே வீடியோவாக்கிவிடுங்கள். வேறிடத்தில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும்.

கூகுள் ஸ்லைட்ஸின் டவுன்லோடு பட்டியலில் வீடியோ கிடையாது. அங்கே ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருள் கொண்டு திரையைப் பதிவது ஒரு வழி. இலவசம், நடுவில் பிரவுசரையும் திறந்து காட்டலாம். ஆனால் அரை மணிப் பேச்சுக்கு அரை மணி உட்கார்ந்தே ஆகவேண்டும். பேச்சில் தப்பு வந்தால் வெட்டி ஒட்டும் வேலை. பதிவை எம்கேவி வடிவில் வையுங்கள். சாதாரண எம்பி4 கோப்பு, பதிவை முறையாக நிறுத்தும்போதுதான் முழுமையாகும். நடுவில் கரண்ட் போனால் மொத்தமும் வீண். எம்கேவியில் அதுவரை பதிந்தது தப்பும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் (கோப்பு வடிவை மட்டும் மாற்றும் வசதி) கொடுத்தால் சில நொடியில் எம்பி4.

ஸ்லைடுகளைப் படங்களாக எடுத்து ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் கோக்கும் வழியைக் கடைக்காரர்கள் சிலர் விரும்புவார்கள். பவர்பாயிண்ட் இருக்கும்போது அது தேவையற்ற சுற்று: படங்கள் வழக்கமாக 1280-க்கு 720 அளவில்தான் வெளிவரும், பெரிய டிவியில் கொலுசின் சன்ன வேலைப்பாடு மங்கிவிடும். அதற்கும் எக்ஸ்போர்ட்டே போதும், ஸ்லைடுக்கு 8 நொடி.

எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், சிறிய எழுத்தெல்லாம் கரைந்துவிடும்.