பத்து மணிக்கு மேல் காய்ச்சல் வரக்கூடாது

நான் போகும் உடற்பயிற்சிக் கூடத்தில் வருடக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருக்கிறார்களே, சேரலாமா என்று அலுவலகத் தோழி ஒருவர் கேட்டிருக்கிறார். என்னைப் போலவே அவருக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர்; காலை ஒன்பதரைக்குள் கைரேகை வைத்தாக வேண்டிய வேலை. சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அந்தக் குழு உடற்பயிற்சிக் கூடத்தில் எனக்கு இது இரண்டாவது ஆண்டு. ஒற்றை வரியில் பதில் அனுப்ப முயன்று முடியாமல் போனதால் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு ஐம்பது நிமிட வகுப்பு. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள்கள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்று வகுப்புகளுக்கும் போனால் அந்தக் கீழ் எல்லையைத் தொட்டுவிடலாம். பளு தூக்குவதும் அதிலேயே அடங்கிவிடும். பள்ளி வேன் ஏழரை மணிக்குத்தான் வருகிறது என்பதால், காய்கறியை முந்தின இரவே நறுக்கி வைத்து, அந்த மூன்று நாள்களும் டிபன் டப்பாவைக் கணவர் கட்டிவிட்டால், வீட்டில் எதுவும் குலையாமல் போய்வர முடிகிறது.

வீட்டிலேயே செய்தால் என்ன என்று கேட்பவர்களிடமும் நியாயம் உண்டு. தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் வரும் என்ற பழைய நிபந்தனையை அதே 2020 வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது, படியேறுவதுகூடச் சேர்த்திதான். ஆனால் ஹாலில் பாய் விரித்து, முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க் நிலைக்குப் போன அடுத்த நொடி சின்னவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் வீட்டில் அந்தச் சலுகையால் பெரிய பயனில்லை. மேலும், நம் தவறு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஸ்குவாட், அதாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் போன்ற பயிற்சி, செய்யும்போது என் இடது முழங்கால் உட்பக்கமாகச் சாய்வதை மாஸ்டர் முதல் வாரத்திலேயே கவனித்து, இரு தொடைகளையும் சேர்த்து முழங்காலுக்கு சற்று மேலே ஒரு ரப்பர் பட்டையை மாட்டி, அதை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே உட்காரச் சொன்னார். மாடிப்படி இறங்கும்போது வரும் வலி சில வாரங்களில் குறைந்தது. கூடவே, என்ன செய்வது, எத்தனை முறை செய்வது என்ற முடிவுகளையெல்லாம் இன்னொருவர் எடுத்து வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. நாள் முழுவதும் வீட்டிலும் அலுவலகத்திலும் முடிவெடுத்துக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் அது புரியும்.

இனி என் ஆற்றாமை. மறுநாள் வகுப்புக்குப் பதிவு செய்த இடத்தை ரத்து செய்வதாக இருந்தால், முந்தின இரவு பத்து மணிக்குள் கூடத்தின் செயலியில் செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ரத்து செய்தாலும் வராமல் இருந்தாலும் ஒன்றுதான். ஒரே மாதத்தில் மூன்று முறை அப்படி நேர்ந்தால் ஒரு வாரம் எந்த வகுப்புக்கும் பதிவு செய்ய முடியாது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவது நள்ளிரவுக்கு மேல்தான் என்பது தாய் தகப்பன் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கணவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்றால், பார்த்துக்கொள்வார். ஆனால் இரண்டு மணியிலிருந்து ஈரத்துணி வைத்துக்கொண்டு விழித்திருந்தவர் யாரும் ஆறு மணிக்குப் போய் கெட்டில்பெல் என்ற கைப்பிடி வைத்த இரும்புக் குண்டைத் தூக்குவதில்லை. மழைக்காலமோ அதைவிட மோசம். மாவட்ட ஆட்சியரே பல நாள்களில் பொழுது விடியும் நேரத்தில்தான் பள்ளி விடுமுறையை அறிவிக்கும் ஊரில், தெருவில் தண்ணீர் நிற்குமா நிற்காதா என்பதை இந்தச் செயலிக்கு மட்டும் இரவு பத்து மணிக்கே சொல்லிவிட வேண்டுமாம். உறுப்பினர் காலத்தை நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். அதற்குக் குறைந்தபட்சம் ஏழு நாள்கள் வேண்டும். சாதாரணக் காய்ச்சலோ மூன்று நாளில் இறங்கிவிடுகிறது.

விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு வகுப்புக்குப் பதினாறு பேர்தான். முன்பெல்லாம் பலர் பதிவு செய்துவிட்டு வராமல் இருக்க, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள் இடம் கிடைக்காது என்று வீட்டிலேயே இருந்துவிட, பாதி அறை காலியாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதிகாலையில் காலியாகும் இடம் தூங்கிக்கொண்டிருப்பவருக்கு உதவாது என்பதும் உண்மையே. ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஐந்து மணிக்கே விழித்திருந்து, இடம் இருந்தால் வருகிறேன் என்று கேட்பவர்கள் எப்போதும் ஓரிருவர் இருக்கிறார்கள். என் இடத்தை அவர்களில் ஒருவருக்கு மாற்றிக் கொடுக்க ஒரு பொத்தான் வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இதைச் சொன்னபோது மாஸ்டர், “எல்லாம் ஆப்ல வர்றதுதான் மேடம், என் கையில எதுவும் இல்ல” என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிர்வாகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு, விதிமுறைகளை அப்படியே ஒட்டிய ஒரு பதில்தான் வந்தது.

பயிற்சிக்காகவும், மாஸ்டருக்காகவும், ஒரு நாள் காணவில்லை என்றாலும் விசாரிக்கும் அந்தக் குழுவுக்காகவும் தாராளமாகச் சேரலாம் என்று போன மாதம் சொல்லியிருப்பேன். இந்த வாரம் பெரியவளுக்குத் தொண்டை வலி, எனக்குச் செயலியில் தடை. ஆகவே தோழிக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். அதையும் மீறிச் சேர்வதாக இருந்தால் தள்ளுபடியைப் பார்த்து வருடக் கட்டணம் கட்டாமல், விலை கூடுதலானாலும் மாதக் கட்டணத்தில் சேரட்டும். ஏழு நாளுக்குக் குறைவாக நிறுத்திவைக்க விடுவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். நான் புதுப்பித்தேனா என்று அவர் நிச்சயம் கேட்பார். புதுப்பித்துவிட்டேன், அதுவும் தள்ளுபடி அறிவிப்பதற்கு முந்தின வாரம், முழுக் கட்டணத்தில்.