சீரியல் காதலா, கொரிய டிராமா காதலா?

தக்கலையில் எங்கள் வீட்டு டிவி இரவு எட்டு மணிக்கு அம்மாவுடையது. பத்து மணிக்கு மேல் போன் என்னுடையது. இரண்டிலும் ஓடுவது காதல்தான்.

தமிழ் சீரியலில் பெரும்பாலும் கல்யாணம் முதலில், காதல் அப்புறம். வேண்டாவெறுப்பாகத் தாலி கட்டியவன் ஒருநாள் "சாப்பிட்டியா?" என்று கேட்பான். அந்த ஒரு கேள்விக்காக நூறு எபிசோடு காத்திருப்போம். அம்மா முருங்கைக்கீரை உருவும் கையை நிறுத்திவிட்டு, "மக்களே, கேட்டுட்டான் பாத்தியா!" என்பார். தினமும் அரை மணி நேரம் வருவதால் அந்த ஜோடி பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் சேர்ந்த பிறகும் கதை முடியாது. ரேட்டிங் இருக்கும்வரை ஆள்கடத்தல், ஞாபகமறதி, புது வில்லி என்று பிரித்துக்கொண்டே இருப்பார்கள். அங்கேதான் எனக்கு மனசு விட்டுப்போகிறது.

கொரிய டிராமா வழக்கமாக 16 எபிசோடு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் போல. எங்கே முடிக்க வேண்டும் என்று தெரிந்து எழுதுவதால் ஒரு பார்வைகூட வீணாவதில்லை. ஒரு காட்சியில் அவன் குடையை அவள் பக்கம் சாய்த்துவிட்டு, தன் தோள் நனைய நடக்கிறான். ஆடிச் சாரலில் ஜன்னலோரம் படுத்தபடி அதை மூன்று முறை பார்த்தேன். அங்கே பெண்கள் அண்ணனையும் காதலனையும் 'ஒப்பா' என்றே கூப்பிடுவது மட்டும் பழக நாளாகும்.

காதலுக்காக என்றால் என் ஓட்டு கொரியாவுக்குத்தான். அம்மாவோடு கீரை உருவிக்கொண்டே பார்க்க, எட்டு மணி சீரியல்.