கோத்தகிரியில இருந்து கோவை ஏர்போர்ட்டுக்கு இத்தனை வருஷமா பஸ்லயே: என் அனுபவம்

எனக்கு சொந்த ஊர் கோத்தகிரி பக்கம், வேலை ஐதராபாத்ல. 2019 கடைசில வேலைக்குச் சேர்ந்தேன், கொரோனா டைம்ல வீட்டுல இருந்தே வேலை பார்த்த மாசங்களக் கழிச்சுட்டா மத்தபடி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்துட்டுப் போயிட்டுதான் இருக்கேன். அப்பா தனியா இருக்காரு, ஒரு ஏக்கர் தேயிலை இருக்கு, பச்சைத் தேயிலைக்கு என்ன விலை விழுந்தாலும் அதை விட்டுட்டு எங்கயும் வர மாட்டேங்கிறாரு, அதனால நான்தான் வரணும். போக வரன்னு சேர்த்துக் கணக்குப் போட்டா ஐம்பது பயணத்துக்கு மேல ஆயிருக்கும், அதுல டாக்ஸி எடுத்தது நாலே நாலு தடவை, மிச்சமெல்லாம் பஸ்தான். சொந்தக்காரப் பசங்க, கூட வேலை பார்க்கிறவங்கன்னு நிறைய பேர் "எப்படிடா மலைல இருந்து பஸ்ல போய் ஃபிளைட்டப் புடிக்கிற, பயமா இல்லயா"ன்னு கேக்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு.

முதல்ல காசு. டாக்ஸிக்கு என்கிட்ட கடைசியா கேட்டது ரெண்டாயிரத்து எண்ணூறு. பஸ்ல வீட்டுல இருந்து ஏர்போர்ட் வாசல் வரைக்கும், நடுவுல ஒரு டீ, ரெண்டு போண்டா எல்லாம் சேர்த்தே இருநூறு ரூபாய தாண்டினது இல்ல. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை போய்ட்டு வர்றவனுக்கு வருஷத்துக்கு இது எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே பார்த்துக்கங்க. ஆனா காசுக்காக மட்டும் நான் பஸ்ல போகல, அதைக் கடைசில சொல்றேன்.

வழி இதுதான். கோத்தகிரில பஸ் ஏறினா அரவேணு, குஞ்சப்பனை, அப்புறம் மேட்டுப்பாளையம், 33 கிலோமீட்டர், ஒன்னேகால்ல இருந்து ஒன்றரை மணி நேரம். அங்க இருந்து கோயமுத்தூர் 35 கிலோமீட்டர் சொச்சம், காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் எல்லாம் தாண்டி சாய்பாபா காலனி கிட்ட மேட்டுப்பாளையம் ரோடு புது பஸ் ஸ்டாண்டுல இறக்கி விடுவாங்க. கோத்தகிரில இருந்தே நேரா கோவை போற வண்டியும் இருக்கு, அது கிடைச்சா மேட்டுப்பாளையத்துல இறங்கி ஏற வேண்டாம். அப்புறம் ஒரு டவுன் பஸ்ல காந்திபுரம், காந்திபுரத்துல இருந்து அவிநாசி ரோட்டுல போற எந்த டவுன் பஸ்ல ஏறினாலும் லட்சுமி மில்ஸ், நவ இந்தியா, ஹோப் காலேஜ் தாண்டி சித்ரா ஸ்டாப்பு வரும், அங்க இறங்கணும். சித்ரான்னா ஏதோ ஒரு அம்மா பேருன்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன், அது அங்க இருக்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கத்தோட இங்கிலீஷ் பேர்ச் சுருக்கம். அங்க இருந்து டெர்மினலுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல, நடந்தா கால் மணி நேரம், பை கனமா இருந்தா இருபது நிமிஷம்.

எல்லாரும் பயப்படுறது மலைப்பாதைய நினைச்சு. என் அனுபவத்துல மலைப்பாதைதான் இந்தப் பயணத்துலயே நம்பிக்கையான பகுதி. எங்க ரோட்டுல குன்னூர் பாதை மாதிரி 14 கொண்டை ஊசி வளைவு எல்லாம் கிடையாது, வளைவு கம்மி, டிரைவருங்க எல்லாம் அந்த ரோட்டுலயே வருஷக்கணக்கா ஓட்டுறவங்க, எந்தத் திருப்பத்துல எந்த மரம் சாஞ்சு நிக்குதுன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவாங்க. காலைல ஆறு மணி வண்டின்னா பெரும்பாலும் ஆறு, ஆறு அஞ்சுக்கு எடுத்துடுவாங்க. கிட்டத்தட்ட ஆறாயிரம் அடில இருந்து இறங்குறோம்ல, காது அடைக்கும், எச்சிய முழுங்கிட்டே வரணும். குஞ்சப்பனை தாண்டினதும் பஸ்ல ஒவ்வொருத்தரா மஃப்ளர், ஸ்வெட்டர், குல்லான்னு கழட்டி மடில வெச்சுக்குவாங்க, ஊருக்குத் திரும்பி ஏறும்போது அதே இடத்துல மறுபடி மாட்டிக்குவாங்க, யாரும் சொல்லித் தர்றது இல்ல, உடம்புக்கே தெரியும்.

பலாப்பழ சீசன்ல குஞ்சப்பனை பக்கம் யானை ரோட்டுக்கு வந்துடும், இதை மட்டும் கணக்குல வெச்சுக்கங்க. போன வருஷம் ஒரு தடவை விடிஞ்சும் விடியாம ஒரு தாய் யானையும் குட்டியும் ரோட்டோரமா நின்னுட்டு பலாப்பழத்தக் காலால மிதிச்சு உடைச்சு சாப்பிட்டுட்டு இருந்துச்சு, டிரைவர் அம்பது அடி முன்னாடியே நிறுத்திட்டாரு, ஹாரன் அடிக்கல, கண்டக்டர் திரும்பி மெதுவா "யாரும் போன்ல லைட் போட்டு படம் எடுக்காதீங்க"ன்னாரு. ஒரு குழந்தை கூட சத்தம் போடல. பலாச் சுளை வாசனை பஸ்ஸுக்குள்ள வந்துச்சு. இருபத்தஞ்சு நிமிஷம் நின்னோம். எனக்கு ஃபிளைட் இருந்துச்சு, ஆனா அந்த இருபத்தஞ்சு நிமிஷம் நான் வாட்ச்சப் பார்க்கல.

மழை வேற விஷயம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, அப்பதான் எங்க பக்கம் மண் சரியும், மரம் விழும். 2009 நவம்பர்ல எத்தனை பேர் போனாங்கன்னு எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அதனால மழையோட நான் விளையாடறது இல்ல, அந்த மூணு மாசம் ஃபிளைட் இருந்தா முந்தின நாளே கீழ இறங்கி மேட்டுப்பாளையத்துல சித்தி வீட்டுல தங்கிடுவேன். ஒரு தடவை அப்படிச் செய்யாம காலைல கிளம்பி அரவேணு தாண்டினதும் ஒரு சில்வர் ஓக் மரம் ரோட்டுக்குக் குறுக்க கிடந்துச்சு. டிரைவர் சீட்டுக்கு அடில இருந்து கொடுவாள் எடுத்தாரு, தோட்டத்து வேலைக்குப் போற ரெண்டு அண்ணன்மாரு மாத்தி மாத்தி கிளைய வெட்டினாங்க, மிச்சப் பேர் எல்லாம் சேர்ந்து அடிமரத்த ஓரமா உருட்டினோம், என் ஆபீஸ் சட்டை எல்லாம் பாசியும் சேறும். நாப்பது நிமிஷத்துல வழி ஆயிடுச்சு. அதே சட்டையோடதான் ஃபிளைட் ஏறினேன்.

மே மாசத்தப் பத்தியும் சொல்லணும். ஊட்டி மலர்க் கண்காட்சி நேரத்துல மேல ஏறுற வண்டிகள குன்னூர் வழியாவும் இறங்குற வண்டிகள எங்க கோத்தகிரி வழியாவும் திருப்பி விடுவாங்க, அப்ப எங்க ரோடு முழுக்க காருதான், சாதாரணமா ஒன்றரை மணி நேரம் ஆகுறது மூணு மணி நேரம் கூட ஆகும். 2024 மே மாசத்துல இருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிங்களுக்கு இ-பாஸ் வந்துச்சு, அரசு பஸ்ல வர்றவங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல, என் ஐதராபாத் நண்பன ஊருக்குக் கூட்டிட்டு வந்தப்ப இதுவும் ஒரு வசதியா இருந்துச்சு.

இப்ப நிஜமான பிரச்சனைக்கு வர்றேன். மலைல இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் ஆகுற நேரத்த விட கோவை ஊருக்குள்ள கடைசி பதினஞ்சு கிலோமீட்டர்தான் என்னை அதிகமா தவிக்க விட்டிருக்கு. அவிநாசி ரோட்டுல உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10 கிலோமீட்டர் மேம்பால வேலை 2020 கடைசில ஆரம்பிச்சாங்க, நான் பஸ்ல போன பாதி வருஷம் அந்தத் தூணுங்களுக்கு நடுவுலதான் போச்சு, ஹோப் காலேஜ் சிக்னல்ல பஸ் நகராம நிக்கும்போது மேல ஃபிளைட் ஏறுற சத்தம் கேக்கும் பாருங்க, வயித்தக் கலக்கும். 2025 அக்டோபர்ல ஜி.டி. நாயுடு பேர்ல பாலத்தத் திறந்தாங்க, காருங்க பெரும்பாலும் மேல போயிடுறதால கீழ டவுன் பஸ்ஸுக்கு ரோடு கொஞ்சம் விட்டுக் குடுக்குது, எனக்கு இருபது நிமிஷம் வரைக்கும் மிச்சம் ஆகுது. இருந்தாலும் சாயங்காலம் அஞ்சரைக்கு மேல அந்த ரோட்ட நம்பாதீங்க.

ரொம்ப அவசரம்னா நான் கண்டுபிடிச்ச ஒரு வழி இருக்கு, துடியலூர்லயே இறங்கி ஆட்டோ புடிச்சு வெள்ளக்கிணறு, சரவணம்பட்டி, காளப்பட்டி வழியா சித்ராவுக்கு வந்துடலாம், காந்திபுரம் போகவே வேண்டாம். காசு கூட ஆகும், ஆனா ஊர் நடுவுல மாட்டாம வந்துடலாம். நாலஞ்சு தடவை இந்த வழிதான் என் ஃபிளைட்டக் காப்பாத்துச்சு.

ரயிலும் இருக்கு. மேட்டுப்பாளையத்துல பஸ் ஸ்டாண்டுல இருந்து ஸ்டேஷனுக்கு நடந்துடலாம், கோவைக்குப் போற பாசஞ்சர்ல டிக்கெட் ஒரு டீ விலைதான், முக்கா மணி நேரம் சொச்சத்துல ஜங்ஷன். டைம் ஒத்து வந்தா பஸ்ஸ விட இது சுகம், பை வைக்கவும் இடம் இருக்கும். மலை ரயில நிறைய பேர் கேக்குறாங்க, அது ஏர்போர்ட்டுக்கு உதவாது, மேட்டுப்பாளையத்துல காலைல 7.10க்கு எடுத்து ஊட்டி போய்ச் சேர அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும், எங்க ஊர் வழியா வரவும் வராது.

திரும்பி வர்றதுதான் கஷ்டமானது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள லேண்ட் ஆனா ராத்திரி சாப்பாடு வீட்டுல, இது என் கணக்கு, இதுவரைக்கும் பொய்க்கல. ஏழு மணிக்கு மேல லேண்ட் ஆனா கோத்தகிரி பஸ்ஸ மறந்துடணும். ஒரு தடவை ஃபிளைட் மூணு மணி நேரம் லேட், வெளிய வந்து டாக்ஸி ஆப்ல புக் பண்ணினா ஒருத்தர் மலைன்னு தெரிஞ்சதும் கேன்சல் பண்றாரு, அடுத்தவரு நாலாயிரத்து ஐநூறுங்கிறாரு, சித்ரா வரைக்கும் போறதுக்கே ஒரு ஆட்டோக்காரர் முன்னூறு கேட்டாரு. கோவம் வந்துச்சு, பெட்டிய இழுத்துட்டு நடந்தேன். எப்படியோ ரெண்டு பஸ் மாறி மேட்டுப்பாளையம் வந்து சேர்றதுக்குள்ள ராத்திரி பதினொன்றரை. சித்தி வீடு பூட்டி இருந்துச்சு, ஊருக்குப் போயிருந்தாங்க. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்துட்டேன். காலைல மொத வண்டியா போறதுக்கு நின்னுட்டு இருந்த கோத்தகிரி பஸ்ல இருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்தாரு, "தம்பி, வெளிய கொசு புடுங்கும்ங்க, உள்ள ஏறிப் படுத்துக்கங்க"ன்னாரு. கடைசி சீட்டுல படுத்தேன். தலைக்கு வெச்சுக்க அவரோட துண்டையும் மடிச்சுக் குடுத்தாரு, டீசல் வாசனையும் விபூதி வாசனையும் கலந்து அடிச்சுது அதுல. காலைல எழுப்பி "டிக்கெட் எடுத்துக்கங்க தம்பி, அரவேணுவா கோத்தகிரியா"ன்னு கேட்டாரு. காசுக்காக மட்டும் இல்லன்னு மேல சொன்னேன்ல, இதுக்காகத்தான்.

பை விஷயம் ஒன்னு. மலை பஸ்ல பெரிய பெட்டி வைக்க இடமே கிடையாது, டிரைவர் பக்கத்துல இன்ஜின் மேல வைக்கலாம், அங்க காய்கறி மூட்டை வந்துட்டா போச்சு. நான் சக்கரம் வெச்ச பெட்டிய விட்டுட்டு முதுகுல மாட்டுற பைக்கு மாறிட்டேன், சித்ரால இருந்து நடக்கவும் அதுதான் வசதி. வாந்தி வர்றவங்க முன்னாடி சீட்டுல உக்காருங்க, வெறும் வயித்துலயும் வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டுட்டும் வேண்டாம், கைல ஒரு எலுமிச்சம்பழம்.

டிக்கெட் போடும்போது விலை கம்மியா இருக்குன்னு விடியக்கால ஃபிளைட்ட மட்டும் போட்டுடாதீங்க. அங்க மிச்சம் புடிக்கிற எண்ணூறு ரூபா டாக்ஸில மூணு மடங்கா போயிடும். காலைல பதினோரு மணிக்கு மேல கிளம்புறதா பாருங்க, வீட்டுல இருந்து ஃபிளைட் டைமுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி கிளம்புங்க, மழை நாள்னா முந்தின நாள். கோத்தகிரில காலைல ஏறி ஏர்போர்ட் வாசல்ல இறங்குற மாதிரி ஒரே ஒரு பஸ் விட்டாங்கன்னா வெளிநாட்டுல, வெளியூர்ல வேலை பார்க்கிற எத்தனை மலைக்காரங்க கும்பிடுவாங்க தெரியுமா, எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் அப்படித்தான் இருக்காங்க.

அடுத்த மாசம் அப்பா என்கூட ஐதராபாத் வர்றாரு, பத்து நாளைக்குத்தான், அதுக்கு மேல தோட்டம் தாங்காதாம். அவருக்கு இதுதான் மொத ஃபிளைட். டாக்ஸி சொல்லட்டுமான்னு கேட்டேன், "பஸ்லயே போலாம், முன் சீட்டு கிடைக்கிற மாதிரி நேரமே போயிடணும்"ன்னு சொல்லிட்டாரு. மதியம் மூணரை ஃபிளைட்டுதான் போட்டிருக்கேன். ஏழு மணி வண்டி.