காய்ந்த கட்டையில் பதினான்கு வெட்டு தாங்காத "கையால் அடித்த" வெட்டுக்கத்தி: அரை மாதச் சம்பளம் போனது, நீங்களாவது ஏமாறாதீர்கள்

கத்தி உடைந்து ஒன்பது நாள் ஆகிறது. புகாரை மூடிவிட்டோம் என்று இன்று காலை செய்தி வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன், கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கைவினைப் பொருட்கள் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில், என் அளவுக்கு ஒரு வெட்டுக்கத்தி அடித்துத் தரச் சொல்லி அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். முன்பணம் மட்டும் இல்லை, முழுத் தொகையும் முதலிலேயே. இப்படிக் கத்தி வாங்கும்போது என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் ஒன்றும் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கவில்லை. செய்பவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். "காய்ந்த, வைரம் பாய்ந்த கட்டை வெட்டத்தான் வேண்டும். கணுவும் வரும். தாங்குமா?" என்று எழுதிக் கேட்டேன். "எந்தக் கட்டையும் தாராளமா வெட்டலாம் சார்" என்று பதில் வந்தது. அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. 5160 எஃகு, அதாவது லாரிப் பட்டை ஸ்பிரிங் செய்யும் எஃகு. எஃகு எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும் ராக்வெல் கடினம் 57. வால், அதாவது பிடிக்குள் போகும் இரும்பு, பிடியின் அடி வரை போகும். மூன்றும் அவர் எழுத்தில் சொன்னவை.

அப்புறம் ஒருநாள் அவரே போன் செய்தார். பின்னால் சம்மட்டிச் சத்தம் கேட்டது. "சார், உங்க உள்ளங்கையைத் தாளில் வச்சு வரைஞ்சு அனுப்புங்க. பிடி உங்க கைக்குன்னே செதுக்கணும்" என்றார். நான் மேசையில் கையை விரித்து வைக்க, மனைவி பென்சிலால் விரல் விரலாகச் சுற்றி வரைந்தாள். கட்டைவிரலின் அடிச் சதை மேட்டைக்கூட விடவில்லை. இவ்வளவு பார்த்துச் செய்கிறவர் ஏமாற்றுவாரா என்று அவளிடம் சொன்னேன். அன்று இரவே அரை மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டேன். இப்போது அந்தத் தாளை நினைத்தால் வயிறு எரிகிறது.

பத்து வாரம் கழித்துக் கத்தி வந்தது. பிடி கையில் அச்சாக உட்கார்ந்தது, அதை மறுக்கவில்லை. தாள் வழுக்கிக்கொண்டு அறுபட்டது. பச்சைக் கிளை ஒன்றை இரண்டே வெட்டில் துண்டாக்கியது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காய்ந்த கட்டையை எடுத்தேன். மணிக்கட்டுத் தடிமன் இருக்கும், நடுவில் ஒரு கணு. அடியில் முட்டுக் கொடுத்துச் சரிவாக வெட்டினேன், முழு பலத்தோடுகூட இல்லை. முதல் ஐந்து வெட்டு இறங்கியது. ஆறாவதில் சத்தம் மாறிவிட்டது. அதுவரை ணங்கென்று விழுந்த வெட்டு தொப்பென்று விழுந்தது. நிறுத்தி, கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். கூரான வாயில் வெளிச்சம் நிற்காது. இதில் கட்டைவிரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு ஒன்று மின்னியது. நகத்தை விளிம்பில் பக்கவாட்டாக இழுத்தேன், ஒரு பக்கம் தட்டியது. வாய் மடங்கியிருந்தது. சாணை பிடித்தபோது நின்ற பிசிறாக இருக்கும் என்று நினைத்துத் தோல்பட்டையில் தீட்டிவிட்டு மறுபடி வெட்டினேன். அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

பதினான்காவது வெட்டு கணுவில் விழுந்தது. பிடி மட்டும் என் கையில் நின்றது. கத்தி கட்டையில் பட்டுத் தெறித்து, நான்கடி தள்ளி நின்ற தம்பியின் பாதத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் மண்ணில் குத்தி நின்றது. அவன் செருப்புகூடப் போட்டிருக்கவில்லை. அரை மாதச் சம்பளத்தை விடுங்கள், அந்த ஒரு சாணை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிடியைப் பிளந்து பார்த்தேன். அடி வரை போகும் என்று சொன்ன வால், என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதுவும் கத்தியோடு ஒரே இரும்பாக அடித்தது இல்லை. மெல்லிய கம்பி ஒன்றை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள், வெல்டிங்கிலேயே முறிந்திருந்தது. மீதி முழுக்கப் பசை. வெளியே பளபளத்த இரண்டு பித்தளை ஆணிகளும் வெறும் மரத்தில்தான் அடித்திருந்தன, இரும்பைத் தொடவே இல்லை.

அடுத்து அரத்தை எடுத்தேன். ஒழுங்காகத் தோய்ச்சல் கொடுத்த, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கெட்டியாக்கிய, வாயில் அரம் எளிதில் பிடிக்காது, பெரும்பாலும் வழுக்கும். இதில் சாதா இரும்பில் பிடிப்பதுபோலப் பிடித்து, தூள் தூளாகக் கொட்டியது. நுனியை வைஸில் கடிக்கவைத்துக் கொஞ்சம் வளைத்தேன், வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது. ஸ்பிரிங் எஃகு என்றால் அந்த அளவு வளைவுக்குத் திரும்பி வர வேண்டாமா? அந்த எஃகைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்கும் மேலே, 800 டிகிரி செல்சியஸ் தாண்டி, காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். அப்புறம் சுமார் 200 டிகிரியில் இரண்டிரண்டு மணி நேரமாக இருமுறை பதப்படுத்த வேண்டும். இதில் எதுவும் நடந்திருக்காது என்றுதான் நம்புகிறேன். 57 என்ற எண்ணை அளந்து சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா?

போன் செய்தேன். "கெட்டியான கட்டையில போய் வெட்டலாமா சார்? யாராவது அப்படிச் செய்வாங்களா?" என்று என்னையே கேட்டார். அவர் எழுதிய செய்தியை அவருக்கே அனுப்பினேன். "எந்தக் கட்டையும்னா அளவா வெட்டணும்னு அர்த்தம்" என்றார். வால் விஷயத்தைக் கேட்டதும் "வெளியூர்ல இருக்கேன், வந்து பேசறேன்" என்றார். அதோடு சரி, என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

தளத்திலோ முதல் இரண்டு நாள் தானியங்கிப் பதில்தான். மூன்றாவது நாள் ஓர் ஆள் வந்து படம் கேட்டார், பதினோரு படம் அனுப்பினேன். அடுத்து வேறோர் ஆள் வந்து அதே படங்களை மறுபடி கேட்டார். 48 மணி நேரத்தில் முடிவு என்றார்கள், ஐந்து நாள் ஆனது. வாடிக்கையாளர் அளவுக்குச் செய்த பொருள், அதுவும் பயன்படுத்திய பொருள், பணம் திரும்பாது, புகாரை மூடுகிறோம் என்று இன்று எழுதிவிட்டார்கள். வெட்டிப் பார்க்காமல் வெட்டுக்கத்தி நல்லதா இல்லையா என்று எப்படித் தெரியும்? கேட்டேன், பதில் இல்லை. தம்பி காலருகே கத்தி விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் கேட்கவில்லை. நான் போட்ட விமர்சனத்தையும் எடுத்துவிட்டார்கள். அரை மாதச் சம்பளம் அவர்களிடம், உடைந்த இரும்பு என்னிடம்.

தளத்தில் கத்தி செய்தவருடைய பக்கத்தில் இருந்த வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். வெட்டும் மரம் வெளிறிப்போய் ஈரமாக இருக்கிறது, சிராய்கள் உள்ளங்கை அகலத்துக்குப் பறக்கின்றன. காய்ந்த கெட்டி மரத்தில் அப்படிப் பறக்காது. கீழே கத்தி அடிப்பவர்களின் சங்கமான அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் பெயரையும் போட்டிருக்கிறார். அவர்களுடைய சோதனை உண்மையிலேயே கடுமையானது: தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், கட்டுமானப் பலகையை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதற்குப் பிறகும் அதே வாய் ரோமம் மழிக்க வேண்டும், கடைசியில் கத்தியை 90 டிகிரிக்கு வளைப்பார்கள். இவர் அதில் தேறியதாக எங்கும் எழுதவில்லை, பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறார். நான்தான் சரியாகப் படிக்கவில்லை. மரத்துக்கு மரம் எவ்வளவு வித்தியாசம் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. சிறிய எஃகுக் குண்டைப் பாதி வரை மரத்தில் அழுத்தி அளக்கும் ஜங்கா அளவில் எண் கூடக் கூட மரம் கெட்டி: வெள்ளை பைன் சுமார் 380, வெள்ளை ஓக் சுமார் 1,360. மெதுமரத்தில் வெட்டிக் காட்டிவிட்டு எந்தக் கட்டையும் வெட்டும் என்று சொல்லவே கூடாது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பிடி போடுவதற்கு முன் வால் தெரியும்படி படம் கேளுங்கள், தர மறுத்தால் ஆர்டர் வேண்டாம். உங்களுக்கென்று செய்த அதே கத்தியால் காய்ந்த கெட்டிக் கட்டையில் வெட்டி, உடனே வாயைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். வந்ததும் பிடிக்குப் பக்கத்தில் வாயில் அரம் போட்டுப் பாருங்கள். வெட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள், காலில் செருப்பு போதாது, பூட்ஸ் போடுங்கள். வாய் மடங்கியது தெரிந்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.

முறிந்த வாலின் படமும் அந்த "எந்தக் கட்டையும்" செய்தியும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.