பாதுகாக்கப்பட்ட மரம்: எட்டு வாரமா, ஆறு வாரமா, ஐந்து நாளா?

சொந்த வீடு, சொந்தத் தோட்டம், ஆனாலும் அங்கே நிற்கும் மரத்தை நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. இங்கிலாந்தில் வீடு வாங்கிய பலருக்கு இது ஆள் வந்து ரம்பத்தைக் கையில் எடுக்கும்போதுதான் தெரியவருகிறது. அந்த மரத்துக்கென்றே ஒரு பாதுகாப்பு ஆணை இருக்கலாம், டிபிஓ என்பார்கள். அல்லது தெருவே கன்சர்வேஷன் ஏரியாவுக்குள், அதாவது தோற்றமும் பழமையும் கெடாமல் காக்கக் கவுன்சில் அறிவித்த பகுதிக்குள் இருக்கலாம். முதலாவது என்றால் கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும், முடிவு சொல்ல அவர்களுக்கு எட்டு வாரம். இரண்டாவது என்றால் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், ஆறு வாரம். பட்டுப்போன மரம், ஆபத்தான மரம் என்றால் விதிவிலக்கு என்று மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அதற்கு ஐந்து வேலைநாள் போதும், சில சமயம் அதுகூட வேண்டாம். எல்லாரும் மூன்றாவதைத்தான் விரும்புகிறார்கள். நான் அதைத்தான் கடைசியில் வைப்பேன்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். 1990ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டமும் 2012ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்பு விதிகளும்தான் அடிப்படை. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து விதிகள் தனி.

உங்கள் மரம் எதில் வருகிறது என்பதை முதலில் கவுன்சிலிடம் கேட்டுவிடுங்கள். பல கவுன்சில்கள் இணையத்தில் வரைபடமே வைத்திருக்கின்றன. ஆணை ஒற்றை மரத்துக்கு இருக்கலாம், ஒரு கூட்டத்துக்கு இருக்கலாம், ஒரு முழுப் பரப்புக்கே இருக்கலாம். பரப்புக்கான ஆணை என்றால், ஆணை போட்ட நாளில் அங்கே நின்ற மரங்களுக்கு மட்டும்தான் பாதுகாப்பு, பிறகு முளைத்தவற்றுக்கு இல்லை. ஒரு மரத்துக்கு டிபிஓவும் இருந்து, அது கன்சர்வேஷன் ஏரியாவிலும் இருந்தால் டிபிஓ விதிதான் செல்லும்.

சரி, டிபிஓ விண்ணப்பம். கட்டணம் கிடையாது. பிளானிங் போர்ட்டல் என்ற விண்ணப்ப இணையதளம் வழியாகவோ நேராகக் கவுன்சிலுக்கோ படிவம் அனுப்பலாம். மரம் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஒரு வரைபடம், என்ன வேலை, ஏன் அந்த வேலை, இவ்வளவுதான் அடிப்படை. மரம் நோயுற்றது, விழும் என்று காரணம் சொன்னால் மர நிபுணர் ஒருவர் எழுதித் தந்த கருத்து சேர்க்க வேண்டும். வேர் வீட்டு அஸ்திவாரத்தை இறக்குகிறது என்றால் இன்னும் கடினம்: பொறியாளர் அறிக்கை, விரிசலை அளந்த பதிவு, மண் விவரம், அந்த வேர் இந்த மரத்தினுடையதுதானா என்பதற்குச் சான்று, எல்லாம் கேட்பார்கள். அது நியாயமும்கூட, ஏனென்றால் களிமண் நிலத்தில் வீட்டில் விரிசல் விட்டால் பழி எப்போதும் மரத்தின் மேல்தான் முதலில் விழுகிறது, காரணம் சில சமயம் உடைந்த கழிவுநீர்க் குழாயாக இருக்கும்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்குவது வேலையை விவரிக்கும் அந்த ஒரே ஒரு பெட்டியில்தான். "ஓக் மரத்தைக் குறைக்க வேண்டும்" என்று எழுதினால் விண்ணப்பத்தைப் பார்க்கும் கவுன்சிலின் மர அதிகாரிக்கு, ட்ரீ ஆபீசருக்கு, எதுவும் விளங்காது. எவ்வளவு, எந்தப் பக்கம்? அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "வீட்டுப் பக்கம் நீளும் கிளைகளை மட்டும் 2 மீட்டர் வரை வெட்டிக் குறைத்தல், சுவருக்கும் கிளை நுனிக்கும் இடையே 2 மீட்டர் இடைவெளி கிடைக்கும்படி; எந்த வெட்டும் 75 மில்லிமீட்டர் விட்டத்தைத் தாண்டாது; மற்றப் பக்கங்களில் கை வைப்பதில்லை." இதில் அவர் மறுக்க வேண்டிய இடமே குறைவு. கூடவே பி.எஸ். 3998 என்ற, மர வேலைக்கான பிரிட்டிஷ் தரப்படி வேலை நடக்கும் என்று ஒரு வரி, மரத்தின் போட்டோ ஒன்றில் வெட்டும் இடங்களுக்குச் சிவப்புக் கோடு. இலை கொட்டுகிறது, நிழல் விழுகிறது, அசுவினிப்பூச்சியின் பிசுபிசுப்பு காரில் ஒட்டுகிறது என்பவை நமக்குப் பெரிய தொல்லைதான், ஆனால் நல்ல மரத்தை அடியோடு வெட்ட அவை போதாது. அளவாகக் கிளை கழிக்கக் கேட்பவருக்கும் முழு மரத்தையும் சாய்க்கக் கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

கன்சர்வேஷன் ஏரியா அறிவிப்பு இதைவிட எளிது. குறிப்பிட்ட படிவம்கூடக் கட்டாயமில்லை, என்ன வேலை, எந்த மரம் என்று புரியும்படி எழுதினால் போதும். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தண்டு 75 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மேல் இருந்தால்தான் அறிவிப்பே வேண்டும். விட்டத்தை அளக்க முடியாதே என்பவர்கள் துணி அளக்கும் டேப்பைச் சுற்றிப் பிடியுங்கள், சுற்றளவு 23.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் அறிவிப்பு உறுதி. மற்ற மரங்கள் நன்றாக வளரட்டும் என்று நடுவில் சிலவற்றைக் களைவதானால் வரம்பு 100 மில்லிமீட்டர்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த அறிவிப்பைக் கவுன்சில் "மறுக்க" முடியாது, நிபந்தனையும் போட முடியாது. ஆறு வாரத்தில் பதிலே வராவிட்டால் வேலையைத் தொடங்கலாம். அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த மரத்துக்குப் புதிதாக டிபிஓ போடுவது. அதனால் "எப்படியும் மறுக்க முடியாதே, முழுசா வெட்டக் கேட்போம், கொஞ்சமாவது கிடைக்கும்" என்ற கணக்கு பலிக்காது. பேராசைப்பட்டுக் கேட்டால் இதுவரை ஆறு வாரத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை இனி ஒவ்வொரு முறையும் எட்டு வார விண்ணப்பமாகிவிடும், வீட்டை அடுத்து வாங்குபவருக்கும் அந்த ஆணை போய்ச் சேரும். இந்த வழியில்தான் அடக்கமாகக் கேட்பது இன்னும் முக்கியம்.

மூன்றாவது வழிக்கு வருவோம். உயிருள்ள மரத்தில் பட்டுப்போன கொப்புகளை மட்டும் எடுக்க யாரிடமும் கேட்க வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம், இது உண்மையான நிம்மதி. மரமே பட்டுவிட்டால் ஐந்து வேலைநாள் முன்னதாக எழுதித் தெரிவிக்க வேண்டும். கிளை முறிந்து நடைபாதைக்கு மேல் தொங்குகிறது, இப்போதே விழும் என்றால் உடனே எடுக்கலாம், முடிந்தவரை சீக்கிரம் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். ஆனால் அந்த ஆபத்தை நீக்கத் தேவையான அளவுக்கு மட்டும்தான் வெட்டலாம். ஒரு கிளை முறிந்ததற்காக மரத்தையே சாய்த்தால் விதிவிலக்கு உங்களைக் காப்பாற்றாது. இன்னொன்று, 2012க்கு முன்னால் "செத்துக்கொண்டிருக்கும் மரம்" என்ற காரணமும் செல்லுபடியானது, இப்போது இல்லை. வாடுகிற மரம் என்றால் எட்டு வார வழிதான்.

மரம் பட்டிருந்தது, ஆபத்தாக இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. மரம் வெட்டப்பட்டு, கட்டையும் அரைக்கப்பட்ட பிறகு எதைக் காட்டுவீர்கள்? பாதுகாக்கப்பட்ட மரத்தை அழித்ததற்கான அபராதத்துக்கு இப்போது உச்சவரம்பு இல்லை, மரம் போனதால் உங்களுக்குப் பண லாபம் கிடைத்திருந்தால் நீதிமன்றம் அதையும் கணக்கில் எடுக்கும். மரம் சாகாவிட்டாலும் அனுமதியில்லாமல் கிளை கழித்தால் 2,500 பவுண்டு வரை போகலாம். உண்மையிலேயே அவசரம் என்றால் வெட்டுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ, அழுகிய பகுதியின் குளோஸப், ஆள் வந்து பார்த்தார் என்றால் அவரிடமிருந்து இரண்டு வரி ஈமெயில், இவற்றை வைத்துக்கொள்ளாமல் ரம்பத்தை இயக்கவே விடாதீர்கள்.

யார் விண்ணப்பிப்பது என்பதிலும் தேர்வு உண்டு. மரத்தின் சொந்தக்காரர்தான் போட வேண்டும் என்றில்லை, கிளை தங்கள் பக்கம் வரும் அண்டை வீட்டாரும் போடலாம். எல்லைக்கு இந்தப்புறம் நீட்டிய கிளையை வெட்டும் பொதுவான உரிமை டிபிஓ இருந்தால் அனுமதி இல்லாமல் செல்லாது. வேலை செய்யப்போகும் ட்ரீ சர்ஜன், அதாவது மரம் வெட்டும் தொழில் வல்லுநர் மூலம் போடுவது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் மேலே சொன்ன அந்தப் பெட்டியை அவர்களுக்கு நிரப்பத் தெரியும். ஆனால் அனுப்புவதற்கு முன் நகல் வாங்கிப் படியுங்கள். "அனுமதி எல்லாம் வேண்டாம், நாளைக்கே வெட்டித் தருகிறேன்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எட்டு வார வழியில் மறுப்பு வந்தால் 28 நாளுக்குள் பிளானிங் இன்ஸ்பெக்டரேட் என்ற அரசு மேல்முறையீட்டு அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் கட்டணம் இல்லை. பெரும்பாலும் விண்ணப்பத்தோடு முதலில் கொடுத்ததை வைத்தே முடிவெடுப்பார்கள், அதனால் நல்ல சான்றை மேல்முறையீட்டுக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள். எட்டு வாரம் தாண்டியும் பதில் இல்லாவிட்டால் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அதற்கும் மேல்முறையீடுதான்.

அப்புறம் காலம். டிபிஓ அனுமதி வழக்கமாக 2 ஆண்டு செல்லும், ஆறு வார அறிவிப்பில் வேலையை அறிவித்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். கூட்டில் பறவை இருந்தால், வௌவால் தங்கியிருந்தால் அதற்கு வேறு சட்டம், எந்த அனுமதியும் அதை மீற விடாது. அதனால் ஆகஸ்டில் விண்ணப்பித்து, இலையுதிர்காலத்தில் வேலையை வைத்துக்கொள்வது பெரும்பாலான மரங்களுக்கு வசதி. செர்ரி, பிளம் இனங்களுக்கு மட்டும் இது ஒத்துவராது, வெட்டுக்காயம் வழியாகத் தொற்றும் வெள்ளிலை என்ற பூஞ்சை நோய்க்குப் பயந்து அவற்றைக் கோடையில்தான் கழிப்பார்கள், விண்ணப்பம் ஏப்ரலிலேயே போய்விட வேண்டும்.