கொள்முதல் நிலையமா, கணக்கில் விழும் காசா?

ஐப்பசி அடைமழையில் டெல்டா பக்கம் போனால் நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் குறுவை நெல் குவியல் குவியலாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். நான் பார்த்த ஒரு குவியலில் அடி நெல் வெள்ளையாக முளைவிட்டிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், தளர்வு உத்தரவு வரும்வரை எடுக்க மாட்டார்கள். காய வைக்கவோ வெயில் இல்லை. "இவ்வளவு அலைக்கழிக்கிறதுக்குப் பேசாம காசைக் கணக்குல போட்டுடலாம்ல" என்றார் அதன் சொந்தக்காரர்.

அவர் கோபத்தில் சொன்னதைத்தான் பொருளாதார வல்லுநர்களில் ஒரு சாரார் நிதானமாகச் சொல்கிறார்கள்: விலை வைத்து வாங்குவதை விடுங்கள், விவசாயி கையில் பணமாகக் கொடுத்துவிடுங்கள்.

காசில் வசதி இருக்கத்தான் செய்கிறது. மத்திய அரசின் பிஎம் கிசான் உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. வரிசை இல்லை, ஈரப்பத மீட்டர் இல்லை, எள் போட்டாலும் உளுந்து போட்டாலும் வரும். கொள்முதலோ பெரும்பாலும் நெல்லையும் கோதுமையையும் சுற்றியே நடக்கிறது. அரசு ஏஜென்சிகளுக்கு ஆதரவு விலையில் விற்ற விவசாயிகள் 6 சதவீதம்தான் என்று 2015இல் மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு சொன்னது. எண்ணெய் வித்துக்கு அந்தக் கவனிப்பு இல்லை; சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இன்றும் இறக்குமதி.

சரி, தொகையைப் பார்ப்போம். 2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,389 ரூபாய், மாநில ஊக்கத்தொகை 156, ஆக குவிண்டால் 2,545. ஏக்கருக்கு 18 குவிண்டால் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையம் இல்லாத ஊரில் வியாபாரி 300 ரூபாய் குறைத்துக் கேட்டால் இரண்டு ஏக்கர்காரருக்கு ஒரு போகத்தில் மட்டும் 10,800 ரூபாய் போச்சு. ஆண்டுக்கு 6,000 எந்த மூலைக்கு? 2018-19இல் 1,770 ஆக இருந்த ஆதரவு விலை இவ்வளவு ஏறியிருக்கிறது. அப்போது தொடங்கிய 6,000 இன்னும் அதே 6,000தான்.

அப்புறம் பட்டா. பிஎம் கிசான் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் குத்தகைக்கு உழுபவருக்குக் கிடையாது. நிலையத்திலோ, சாகுபடி செய்தவர் இவர்தான் என்று விஏஓ சான்று கொடுத்தால் அவரும் நெல் போடலாம். அந்தச் சான்றுக்கு நடக்கிற நடை தனிக்கதை.

எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு வேறு. காசு கொடுத்தால் அரசின் கையில் நெல் இருக்காது. 1965-66 வறட்சியில் அமெரிக்க அதிபர் ஜான்சன், பி.எல்.480 என்ற உணவு உதவித் திட்டத்தின் கோதுமையை மொத்தமாக அனுப்பாமல் இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார். கப்பல் வந்தால்தான் சோறு. 1965இல்தான் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது, முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில். 2020 ஊரடங்கில் சுமார் 80 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ இலவசமாகக் கொடுக்க முடிந்தது கிடங்கில் இருப்பு இருந்ததால்தான்.

மெக்சிகோ மறுவழியில் போனது. 1990களில் உத்தரவாத விலையைக் கைவிட்டு, புரோகாம்போ என்று ஹெக்டேர் கணக்கில் பணம் கொடுத்தது. மக்காச்சோளம் வாங்கி வந்த கோனாசூப்போ என்ற அரசு நிறுவனத்தை 1999இல் மூடியது. மக்காச்சோளத்தின் தாய்நாடான அது இன்று அமெரிக்காவிடம் கோடிக்கணக்கான டன் வாங்குகிறது.

உலக வர்த்தக அமைப்பின் விதிகளும் காசு பக்கமே சாய்கின்றன. விளைச்சலோடு ஒட்டாத பணம், எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விட்டிருக்கும் 'பச்சைப் பெட்டி' வகையில் போய்விடும். ஆதரவு விலைக் கொள்முதலுக்கோ 1986-88 விலையை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட்டு, அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீத வரம்பு. 2018-19இல் அரிசியில் இந்தியா அதைத் தாண்டியது. வரம்பு மீறினாலும் வழக்குப் போடக் கூடாது என்று அந்த அமைப்பின் 2013 பாலி மாநாட்டில் கிடைத்த தற்காலிகப் பாதுகாப்பைக் காட்டித்தான் தப்பித்தது.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் நான் நிலையத்தின் பக்கம். அதுவும் இப்போதிருக்கும் நிலையம் அல்ல; கூரையும் உலர்த்தும் இயந்திரமும் உள்ளது, உளுந்தையும் எள்ளையும் எடுப்பது. முளைவிட்ட நெல்லுக்காரரிடம் இதைச் சொன்னேன். "கூரையை முதல்ல போடச் சொல்லுங்க" என்றபடி தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.